விரிப்பின் மறுமுனை

அந்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே. அவளுக்கும் அதில் ஒன்றும் வருத்தம் கிடையாது. காலையில் சீருடையை மாட்டிக்கொண்டு உள்ளே நுழையும்போது திறக்கிற வாய், மாலையில் கேட்டைத் தாண்டும்வரை மூடாது. துவைக்கிற இயந்திரங்களின் இரைச்சலில் மற்றவர்கள் கையைக் காட்டித்தான் பேசிக்கொள்வார்கள். இவள் இயந்திரத்தையே அடக்கிப் பேசுவாள்.

"கரண்ட் போனாலும் இந்த ரேடியோ மட்டும் நிக்காது" என்பார் மெஷின் ஓட்டுகிற பெரியவர்.

"பேட்டரி வயித்துக்குள்ள இருக்குண்ணே" என்பாள் அவள்.

உலர்த்தும் இயந்திரத்திலிருந்து சூடாக வெளியே வருகிற விரிப்புகளை மடித்து அடுக்குவது அவள் வேலை. அவளுக்கு எதிரே நிற்பவள் அவளுடைய நாத்தனார், கணவனின் தங்கை. மடித்ததை அடுக்கப் பக்கத்தில் ஒரு நீண்ட பழைய மேசை. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஒரு சுண்டு சுண்டிச் சுருக்கம் எடுப்பார்கள். நீளவாக்கில் மடித்துக்கொண்டு ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடப்பார்கள். நாத்தனார் தன் முனைகளை அண்ணி கையில் கொடுத்துவிட்டு, கீழே தொங்குகிற மடிப்பைப் பிடித்துத் தூக்கித் தருவாள். கறை இருந்தால் அந்த விரிப்பு தனித் தொட்டிக்குப் போகும். கறையை முதலில் பார்ப்பவள் எப்போதும் ரேடியோதான். "கறை, கறை, தூக்கிப் போடு" என்று கத்துவாள். நாத்தனார் தூக்கிப் போடுவாள். பேச்சு வேறு எதைப் பற்றியோ நடந்துகொண்டிருக்கும். பக்கத்து வீட்டுச் சண்டை, பஸ்ஸில் ஒருத்தி சில்லறைக்காகக் கண்டக்டரோடு மல்லுக்கு நின்றது, பால்காரர் பாலில் ஊற்றும் தண்ணீர். இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

நாத்தனாருக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே ரேடியோதான். கணவன் இறந்து, பிள்ளைகளும் இல்லாமல், அண்ணன் வீட்டு மாடி அறைக்கு அவள் வந்து சேர்ந்த நேரம். சூப்பர்வைசரின் அறை வாசலில் நின்று ரேடியோ பேசிய பேச்சில், அந்த மனிதர் காது வலி தாங்காமல்தான் வேலை கொடுத்தார் என்று கூடத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். அண்ணி மேல் நாத்தனாருக்கு அந்த நன்றி எப்போதும் உண்டு. வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அவள் வாய்விட்டு எதையும் சொல்வதே அபூர்வம். திக்குவாய் இல்லை. ஒவ்வொரு சொல்லாக யோசித்து எடுத்து வைக்கிறவள். அவள் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி முடிப்பதற்குள் கையிலிருக்கும் டீ ஆறிப்போகும். அந்தக் குடும்பமே அப்படித்தான். ரேடியோவின் வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில் "நீ இன்னிக்கு..." என்று ஆரம்பித்து அடுத்த சொல்லைத் தேடுவதற்குள் இவள் மூன்று பதில் சொல்லி முடித்திருப்பாள். நாளடைவில் அது ஒரு பழக்கமாகிவிட்டது. அண்ணனும் தங்கையும் வாக்கியத்தின் தலையை எடுத்துக் கொடுத்தால் போதும், வாலை ரேடியோ ஒட்டிவிடுவாள்.

"அண்ணி, உப்பு..."

"தீந்துபோச்சா? கீழ டப்பால இருக்கு, எடுத்துக்கோ."

"நாளைக்கு நான்..."

"லீவா? தலைவலியா? சரி, நான் சொல்லிக்கிறேன், நீ படு."

பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அந்தப் பெரும்பாலும்தான் அவளைக் கெடுத்தது.

ஒருநாள் சூப்பர்வைசரோடு ஒரு பெண் வந்தாள். தோளில் துணிப்பை, கையில் வெந்நீர்க் குடுவை, காலில் ஓட்டப் பந்தயத்துக்குப் போகிற மாதிரி ஷூ. டிசைன் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாளாம். சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவர்களின் இடுப்புவலிக்கு ஒரு வழி பண்ணப்போகிறாளாம். ஆளைக் குறைக்கத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று கூடம் முழுக்க முணுமுணுத்தது. வந்தவள் எதுவும் வரையவில்லை, அளக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, "நானும் மடிக்கலாமா?" என்று கேட்டாள். ஒரு வாரம் மடித்தாள். மடித்ததெல்லாம் கோணல்மாணல். ரேடியோ அதைப் பிரித்துத் திரும்ப மடித்துக்கொண்டே அவள் ஊர், படிப்பு, அம்மா அப்பா, கல்யாண உத்தேசம் எல்லாவற்றையும் கறந்துவிட்டாள்.

பிறகு ஒருநாள் டீ குடிக்கிற அறையில் எல்லோரையும் உட்காரவைத்து அந்தப் பெண் விளக்கினாள்.

"நான் எங்கயோ உக்காந்து வரைஞ்சு, இந்தாங்கன்னு குடுத்துட்டுப் போறவ இல்லக்கா. என்ன கஷ்டம்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும். என்ன பண்ணலாம்னு நீங்கதான் சொல்லணும். சேந்து செஞ்சு பார்ப்போம், சரியா வரலைன்னா சேந்து உக்காந்து யோசிச்சு மாத்துவோம். இதுல நீங்களும் ஆராய்ச்சி பண்றவங்கதான்."

சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டி, வட்டமாக எழுதினாள்: பார்ப்பது, செய்வது, யோசிப்பது, மறுபடியும் பார்ப்பது. மேலே தலைப்பு, பங்கேற்புச் செயல் ஆய்வு.

"பேரே இவ்ளோ நீளமா இருக்கே, வேலை என்னிக்கும்மா முடியும்?" என்றார் மெஷின் பெரியவர்.

எல்லோருக்கும் ஓர் அட்டை கொடுத்தாள், கழுத்தில் மாட்டிக்கொள்ள. அதில் 'இணை ஆய்வாளர்' என்று அச்சடித்திருந்தது. மற்றவர்கள் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்கள். ரேடியோ மாட்டிக்கொண்டே பஸ் ஏறினாள், மாட்டிக்கொண்டே காய்கறி வாங்கினாள். வீட்டுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது..." என்றார்.

"ஆமா, ஆராய்ச்சிதான். சிரிக்காதீங்க" என்று சொல்லி, கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் அதைத் தொங்கவிட்டாள். தலைகால் புரியாத சந்தோஷம் என்பார்களே, அதுதான். அதுவரை அவள் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு, காதைப் பொத்திக்கொண்டவர்கள் உண்டு. எழுதிக்கொண்டவர்கள் யாருமில்லை. இந்தப் பெண் எழுதிக்கொண்டாள். போனை மேசை நடுவில் வைத்து, எல்லோரிடமும் சம்மதம் கேட்டு, குரலையும் பதிவு செய்துகொண்டாள்.

முதல் கூட்டத்தில் அவள் இன்னொன்றும் சொன்னாள். "இங்க பேசறது எதுவும் இந்த ரூமைத் தாண்டாது. யார் சொன்னாங்கன்னு சூப்பர்வைசருக்குப் போகாது. அதனால உள்ளதைச் சொல்லுங்க."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரேடியோகூடத் தொண்டையைக் கனைத்துக்கொண்டுதான் இருந்தாள். அப்போது யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. நாத்தனார் கையைத் தூக்கினாள். பள்ளிக்கூடத்தில்கூடத் தூக்கியிருப்பாளோ என்னவோ. அந்தப் பெண்ணுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"சொல்லுங்கக்கா, சொல்லுங்க."

"ரெண்டு பேரா மடிக்கிறது..." என்றாள் நாத்தனார். நிறுத்தினாள். சீருடையின் ஓரத்தை விரலால் உருட்டினாள். அடுத்த சொல்லைத் தேடுகிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

ரேடியோவுக்கு நாக்கு பரபரத்தது. தன் நாத்தனார் சபையில் பேச எழுந்து திணறுகிறாள். கை கொடுக்க வேண்டாமா?

"...தான் பெரிய இம்சைங்கிறா! நானே சொல்லணும்னு இருந்தேம்மா. ஒருத்தி பாத்ரூம் போனா இன்னொருத்தி துணியைப் புடிச்சிக்கிட்டு சிலை மாதிரி நிக்கணும். ஒருத்தி லீவு போட்டா இன்னொருத்தி பாடு திண்டாட்டம். அவ உசரம் வேற, என் உசரம் வேற, குனிஞ்சு நிமிந்து இடுப்பு கழண்டுபோச்சு!"

குபீரென்று சிரிப்பு. ஆமாம் ஆமாம் என்று ஆளாளுக்குத் தங்கள் ஜோடியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். சொன்னதில் பொய் எதுவும் இல்லை. எல்லோருக்கும் இருந்த கஷ்டம்தான். அந்தப் பெண் மடமடவென்று எழுதிச் சுவரில் ஒட்டினாள். நாத்தனாரின் உதடு ஒருமுறை அசைந்தது. பிறகு அவளும் சிரித்தாள். தூக்கிய கை எப்போது இறங்கியது என்று யாரும் பார்க்கவில்லை.

அடுத்த சுற்றில், குழாயும் அட்டையும் துணி மாட்டும் கிளிப்பும் வைத்து, விரிப்பைப் பிடித்துக்கொள்ளும் தாங்கி ஒன்றை மாதிரிக்குச் செய்தார்கள். இவர்களே உட்கார்ந்து வெட்டி, ஒட்டி, கட்டியது. தோள் உயரத்தில் இரண்டு கிளிப். விரிப்பின் இரண்டு முனையை அதில் மாட்டிவிட்டு, மற்ற இரண்டு முனையோடு பின்னால் போனால், ஒருத்தியே முழு விரிப்பையும் மடித்துவிடலாம். ஒவ்வொருவராக மடித்துப் பார்த்தார்கள். உயரம் போதவில்லை என்றார்கள், ஏற்றினார்கள். கிளிப் இறுக்கம் என்றார்கள், மாற்றினார்கள். நாத்தனாரின் முறை வந்தபோது அவள் அந்தக் குழாயை மேலிருந்து கீழே தடவிக்கொண்டே நின்றாள்.

"இதோ இங்க, இன்னும் கொஞ்சம் மேல, அந்தப் பக்கம் இல்ல புள்ள, இந்தப் பக்கம்" என்று ரேடியோ அவள் கையைப் பிடித்தே கிளிப்பில் வைத்தாள். விரிப்பு அழகாக மடிந்தது.

"உங்களுக்கு எப்படிக்கா இருக்கு?" என்று அந்தப் பெண் நாத்தனாரைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"எனக்குச் சரின்னா அவளுக்கும் சரிதாம்மா" என்றாள் ரேடியோ. "நாங்க ரெண்டு பேரும் ஒரே துணியோட ரெண்டு முனை."

அந்தப் பெண்ணுக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துவிட்டது. அதையும் எழுதிக்கொண்டாள்.

சில மாதங்களில் எஃகில் செய்த தாங்கிகள் வந்து இறங்கின. பளபளவென்று, காலால் அழுத்தினால் கிளிப் விடுகிற மாதிரி. பழைய மேசையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வெள்ளைச் சுவரை ஒட்டி, இடைவெளி விட்டுத் தாங்கிகளை நிறுத்தினார்கள். ரேடியோ இந்தக் கோடியில், நாத்தனார் அந்தக் கோடியில், நடுவில் இயந்திர இரைச்சல். இடுப்புவலி நிஜமாகவே குறைந்தது. வேறு ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்து பார்த்தார்கள். ரேடியோதான் மடித்துக் காட்டினாள். அவள் மடிக்கிற படத்தைப் பெரிதாகப் போட்டு ஆஸ்பத்திரி நடைபாதையில் மாட்டினார்கள். கையை உயர்த்தி, வாயைத் திறந்து நிற்கிற படம்.

"வாயை மூடிக்கிட்டு ஒரு போட்டோ எடுக்க முடியலியா அவங்களால?" என்றார் மெஷின் பெரியவர்.

நாத்தனாரின் அடுக்கு மட்டும் உயரவே இல்லை. மற்றவர்கள் ஒரு வண்டி நிரப்பினால் அவள் அரை வண்டி. மடிப்பு கோணும், முனை நழுவும், குனிந்து தரையில் துழாவுவாள். ஒருநாள் அவள் மடித்த விரிப்பு ஒன்று பெரிய கறையோடு மேலே வார்டுக்குப் போய்விட்டது. நர்ஸ் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். அடுத்த வாரம் இன்னொன்று. சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். ரேடியோ விடுவாளா, அவரிடம் வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்குப் போனாள். அவரை ஒரு வழி பண்ணிவிட்டு, வீட்டுக்கு வந்து மாடி ஏறி நாத்தனாரையும் ஒரு பிடி பிடித்தாள்.

"இவ்ளோ பெரிய கறை தெரியலியா? கண்ணை எங்க வச்சுக்கிட்டு மடிக்கிற நீ? ஆராய்ச்சி பண்ணின எங்க மானம் போகுது!"

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த வாரமே வேலையை விட்டுவிட்டாள். அண்ணனிடம் சொன்னாள், அண்ணியிடம் சொல்லவில்லை. ரேடியோவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. வாய் வலிக்கக் கெஞ்சி வாங்கிக் கொடுத்த வேலை. ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா? திமிர் என்றாள், சோம்பல் என்றாள், நல்லதுக்குக் காலம் இல்லை என்றாள். மாடிப்படி பக்கமே போகவில்லை. கணவன் "அவளுக்கு..." என்று எடுத்தபோது, "அவளுக்கு என்ன, மகாராணி" என்று முடித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்தப் பெண் கடைசியாக ஒருமுறை வந்தாள். முதலில் என்ன சொன்னோம், கடைசியில் என்ன செய்தோம் என்று எல்லோரும் சேர்ந்து கேட்டுப் பார்ப்பதும் இந்த ஆய்வில் ஒரு பகுதியாம். டீ மேசையில் ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்து, பழைய கூட்டங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஓடவிட்டாள். தங்கள் குரலைக் கேட்டுத் தாங்களே வெட்கப்பட்டார்கள். மெஷின் பெரியவர், "என் குரல் இவ்ளோ கேவலமாவா இருக்கு?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்தார்.

பிறகு அந்த இடம் வந்தது. "ரெண்டு பேரா மடிக்கிறது..." நாத்தனாரின் குரல். உடனே ரேடியோவின் குரல், அறையே அதிர. அப்புறம் சிரிப்பு. இப்போதும் எல்லோரும் சிரித்தார்கள், ரேடியோவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, ஸ்பீக்கருக்குள் இருந்த அந்தப் பழைய சிரிப்புக்கு அடியில் ஏதோ ஒன்று அவள் காதில் பட்டது.

"அதை இன்னொரு தடவை போடும்மா" என்றாள்.

போட்டாள். எல்லோரும் பேசாமல் கேட்டார்கள். சிரிப்புச் சத்தத்துக்கு நடுவே, மெல்ல, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைக்கிற குரல்: "அது... இல்ல... அண்ணி."

அந்தப் பெண்ணின் கையில் பேனா அப்படியே நின்றுவிட்டது. ரேடியோ எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டாள். வேலை முடிந்து வீட்டுக்குப் போனவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடி ஏறினாள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அறையில் விளக்கு போடவில்லை. நாத்தனார் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்தது இடது பக்கக் கிண்ணத்தில், தோல் வலது பக்கத் தாளில். அவளைச் சுற்றி எல்லாம் அதனதன் இடத்தில், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருந்தன. இந்த அறை எப்போதிலிருந்து இப்படி ஆனது என்று ரேடியோவுக்குத் தெரியவில்லை.

"லைட்டு போடலியா?"

"போட்டாலும்..." என்றாள் நாத்தனார்.

"கரண்ட் பில் ஏறும்னா?" என்ற வால் ரேடியோவின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கடித்துக்கொண்டாள். நிஜமாகவே வலிக்கும்படி கடித்துக்கொண்டாள். காத்திருந்தாள். ஒருவர் பேசி முடிக்கிறவரை சும்மா நிற்பது இவ்வளவு கஷ்டமென்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள்.

"...போட்டாலும் அவ்ளோ வித்தியாசம் இல்ல அண்ணி."

ரேடியோ அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு மீட்டிங்ல என்ன சொல்ல வந்தே?"

"என்னத்த. நீங்க சொன்னதுதான்."

"இல்ல. நீ சொல்ல வந்தது. சொல்லு, நான் வாயே திறக்கல."

ஒரு வெங்காயம் உரிந்து கிண்ணத்துக்குப் போனது. அடுத்ததை நாத்தனார் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள், உரிக்கவில்லை. பிறகு சொன்னாள். கண்ணுக்குப் பின்னால் நரம்பு கெட்டுக்கொண்டு வருகிறதாம். போன பார்வை திரும்பாதாம், இருப்பதை மருந்து போட்டு இழுத்துப் பிடிக்கலாமாம். முதலில் பார்வையின் ஓரங்கள் போயின, பிறகு வெளிச்சம் கூசியது. வெள்ளைச் சுவரும் வெள்ளைத் துணியும் ஒன்றாகத் தெரிந்தன. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று மறைத்திருந்தாள். ஆனால் அந்தப் பெண், இங்கே பேசுவது வெளியே போகாது என்று சொன்னபோது, இவளிடம் சொல்லலாம், ஏதாவது வழி செய்வாள் என்று தோன்றியது. அதனால் கையைத் தூக்கினாள்.

"ரெண்டு பேரா மடிக்கிறதாலதான்... என்னால இன்னும் வேலை பார்க்க முடியுது. அதை எடுத்துடாதீங்க. இதைத்தான் சொல்ல வந்தேன்."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமில்ல புள்ள? என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமில்ல?"

நாத்தனார் கொஞ்சம் யோசித்தாள். குறை சொல்கிற குரலில் இல்லை, கேட்டதற்குப் பதில் சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

"நீங்க பேசிட்டு இருந்தீங்க அண்ணி."

மறுநாள் ரேடியோ அந்தப் பெண்ணைப் போனில் கூப்பிட்டாள். அவள் ஓடிவந்தாள். இரண்டு பேருமாகச் சூப்பர்வைசர் அறைக்குப் போனார்கள். பழைய மேசையை ஒன்றே ஒன்று திரும்பப் போடலாமா என்று கேட்டார்கள். அவள் கண்ணுக்குத் தட்டுப்படக் கிளிப்பில் சிவப்புத் துணி சுற்றினால் போதுமே, ஜோடியாக நிற்க ஓர் இடம் மட்டும் விட்டால் போதுமே என்று அந்தப் பெண் கெஞ்சினாள். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். மேசையை எப்போதோ ஏலத்தில் எடுத்துப் போய்விட்டார்கள். நாத்தனார் இடத்துக்கு ஆள் போடவில்லை, அந்த இடத்தையே எடுத்துவிட்டார்கள்.

"ஒருத்தர் செய்யற வேலைன்னு நீங்கதானேம்மா செஞ்சு காட்டினீங்க. இப்ப ரெண்டு பேர் வேணும்னு மேல எப்படிக் கேப்பேன்?"

வெளியே நடைபாதையில், வாயைத் திறந்து நிற்கிற அந்தப் படத்துக்குக் கீழே, இரண்டு பேரும் நின்றார்கள்.

"எல்லார் கருத்தையும் கேட்டேன்னு அறிக்கையில எழுதிட்டேன்க்கா" என்றாள் அந்தப் பெண். கண் கலங்கியிருந்தது. "கேட்டேன்தான். ஆனா பேசினவங்க குரலைத்தான் கேட்டிருக்கேன். அவங்களைத் தனியா ஒரு நாள் உக்காரவச்சுக் கேட்டிருக்கணும். நீங்க இருந்ததால எனக்குச் சுலபமா இருந்துச்சு. இதையும் சேத்து எழுதறேன்."

"எழுதும்மா. நல்லா எழுது" என்றாள் ரேடியோ. "எழுதினா அவளுக்கு வேலை வருமா?"

அந்தப் பெண் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் ரேடியோ அந்த அட்டையை ஆணியிலிருந்து எடுத்து அலமாரியின் அடியில் போட்டாள். அதற்குப் பிறகு அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். குறைத்தாள் என்ன, நிறுத்திவிட்டாள். கேட்டால் பதில், கேட்காவிட்டால் மௌனம். மெஷின் பெரியவர் முதலில் கிண்டல் செய்தார், "பேட்டரி காலியா?" என்று. சில நாளில் அவருக்கே பயம் வந்து, உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். வீட்டில் கணவன் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துவிட்டு, வழக்கம்போல அவள் முடிப்பாள் என்று காத்திருந்தார். அவள் முடிக்கவில்லை. அவரே தட்டுத் தடுமாறி முடிக்கவேண்டியதாயிற்று. முடித்துவிட்டு, டாக்டரிடம் போகலாமா என்று கேட்டார். அதையும் அவரே முழுதாகக் கேட்டார்.

இந்த வாயால் இனி யாருக்கும் கெடுதல் வரக்கூடாது. அவள் எண்ணம் அவ்வளவுதான். தண்டனை என்றால் தண்டனை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மொட்டைமாடியில் துணி காய்ந்திருந்தது. வீட்டுத் துணி துவைப்பது இப்போதெல்லாம் நாத்தனார்தான். அவளே கேட்டு எடுத்துக்கொண்ட வேலை. ரேடியோ மேலே போனபோது அவள் கொடியிலிருந்து பெரிய விரிப்பை எடுத்துக்கொண்டிருந்தாள். ரேடியோ பேசாமல் போய் மறுமுனைகளைப் பிடித்தாள். சுண்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து பதிலுக்கு ஒரு சுண்டு வந்தது, பழைய மாதிரியே. நாத்தனாரின் முகத்தில் சிரிப்பு வந்தது. நீளவாக்கில் மடித்தார்கள். நாத்தனார் முனைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்து வர ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்துக் காற்று ஒன்று அடித்துத் துணியை இழுத்தது. ரேடியோவின் பக்கத்து முனைகள் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தன.

நாத்தனார் நின்றாள். துணி தளர்ந்துபோயிருந்தது. மெல்ல இரண்டடி வைத்தாள். அவள் வந்த திசையில் ரேடியோ இல்லை, தண்ணீர்த் தொட்டிதான் இருந்தது. ரேடியோ வாயை இறுக்கி மூடிக்கொண்டு, துணியைப் பொறுக்கக் குனிந்தாள்.

"அண்ணி..." என்றாள் நாத்தனார். "நீங்க பேசினாத்தான்..."

நிறுத்தினாள். வாலை ரேடியோ ஒட்டவில்லை. ஒட்ட அவளிடம் எதுவும் இல்லை. இந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. துணியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"...நீங்க பேசினாத்தான் நீங்க எங்க நிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். அங்கயும் அதை வச்சுத்தான் மடிச்சேன். மெஷின் சத்தத்துலயும் உங்க குரல் கேக்குமே. அந்தக் கோடிக்குப் போனப்புறம்தான் கேக்கல."

ரேடியோ வாயைத் திறந்தாள். வாழ்நாளெல்லாம் ஊருக்கே பேசிய வாயில் ஒரு சொல்லும் வரவில்லை. நாத்தனார் முனைகளை முன்னால் நீட்டிப் பிடித்தபடி, தலையைச் சற்றே சாய்த்து, காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

"இங்க..." என்றாள் ரேடியோ. "இங்கதான் இருக்கேன் புள்ள. இங்க, இங்க, இந்தப் பக்கம் வா."

நாத்தனார் குரல் வந்த பக்கம் திரும்பி நடந்து வந்து, துணியின் முனைகளை அண்ணியின் கையில் கொடுத்தாள்.